ஆறு மாதத்துக்கு 2 மில்லி எப்படிப் போதும்?

செகந்திராபாத் மாரெட்பள்ளி அங்கன்வாடியில் ஒன்றரை வயதுக் குழந்தையின் வாயில் ஊற்றுவது 2 மில்லி மருந்து. அதில் 2 லட்சம் யூனிட் வைட்டமின் ஏ. அடுத்த வேளை ஆறு மாதம் கழித்துத்தான். அதுவரை எப்படித் தாங்குகிறது?

ஏ, டி, இ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை. வந்த ஏ-யைக் கல்லீரல் கொழுப்பு அமிலத்தோடு பிணைத்துச் சேமிக்கிறது. தேவைப்படும்போது ஒரு புரதத்தின் மேல் ஏற்றி இரத்தத்தில் அனுப்புகிறது. விழித்திரையில் அது ஆப்சின் என்ற புரதத்தோடு சேர்ந்து, மங்கிய ஒளியில் பார்க்க உதவும் ரொடாப்சின் ஆகும். ரொடாப்சின் குறைந்தால் மாலைக்கண்.

பி வகைகளும் சி-யும் நீரில் கரைபவை. மிச்சம் சிறுநீரில் போய்விடும். பி காம்ப்ளெக்ஸ் போட்ட அன்று சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாவது ரைபோஃபிளேவின் வேலை. (பி12 மட்டும் அடங்காப்பிடாரி: கல்லீரலில் ஆண்டுக்கணக்கில் தங்கும்.)

பக்கத்துத் தார்நாக்காவிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சோதித்துப் பார்த்த, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏ கொடுக்கும் இந்த முறை, 1970-இல் நாடு தழுவிய திட்டமானது. சேமிப்பில் வில்லங்கமும் உண்டு. அளவு மீறினால் ஏ கல்லீரலையே கெடுக்கும். கண்ணுக்கு நல்லதாயிற்றே என்று இன்னொரு ஸ்பூன் கேட்காதீர்கள்.