நிழலோடு உறவு

மனிதனை விட்டுப் பிரியாது தொடர்வனவற்றுள் அவனது நிழலும் ஒன்று. ஒளியை நோக்கி நடப்பவனுக்கு அது புலப்படுவதில்லை. முதுகின் பின்னால் நீண்டு கிடக்கிறது. இந்த எளிய காட்சியை மனித உள்ளத்திற்கு உவமையாக்கி, அதன்மேல் ஓர் உளவியற் கொள்கையையே எழுப்பியவர் சுவிற்சர்லாந்து தந்த பேரறிஞர் கார்ல் குஸ்தாவ் யுங் (1875–1961). 1938இல் இலங்கைக்கு வந்து கண்டித் தலதா மாளிகையைக் கண்டு சென்றவர் என்ற முறையில், அவர் நமக்கு முற்றிலும் அந்நியரும் அல்லர்.

யுங் தமது மாணவப் பருவத்திற் கண்ட கனவொன்றைத் தம் வாழ்க்கை நினைவுகளிற் குறித்துள்ளார். பெருங்காற்று எதிர்த்து வீசும் இரவு; எங்கும் மூடுபனி. அணைந்துவிடும் நிலையிலிருந்த சிறு விளக்கொன்றைக் கைகளாற் பொத்தியபடி அவர் வருந்தி நடக்கிறார். பின்னால் ஏதோ வருவதாக உணர்ந்து திரும்பினால், கரிய பேருருவம் ஒன்று தொடர்ந்து வருகிறது. அச்சம் மேலிட்டபோதிலும் விளக்கை அவர் கைவிடவில்லை. விழித்தெழுந்த பின்னரே உண்மை புலனாயிற்று. அப்பேருருவம், அவர் ஏந்திய ஒளி பனித்திரையில் வீழ்த்திய அவருடைய சொந்த நிழலே. அவ்விளக்கைத் தம் அறிவுணர்வு என்று அவர் கொண்டார். ஒளி உண்டாயின் நிழலும் உண்டு என்பதே அக்கனவின் பாடம்.

நிழல் என்று பின்னாளில் யுங் குறித்தது யாது? ‘நான்’ என்று ஏற்க மறுத்து, நனவிலி மனத்துள் நாம் ஒதுக்கிவிட்ட குணங்களின் தொகுதியே அது. எதற்குப் பாராட்டு, எதற்குத் தண்டனை என்று குழந்தை கண்டுகொள்ளும் பருவத்திலேயே இவ்வொதுக்கல் தொடங்கிவிடுகிறது. கோபமும் பொறாமையும் மட்டுமா ஒதுக்கப்படுகின்றன? ‘ஆண்பிள்ளை அழுவதோ?’ என்று கேட்டு வளர்ந்தவனின் கண்ணீரும், ‘பெண்பிள்ளைக்கு இவ்வளவு துடுக்கு ஆகாது’ என்று கேட்டு வளர்ந்தவளின் துணிவும் அங்கேதான் சேர்கின்றன.

ஆங்கில இலக்கியம் பயில்வோர், றொபேட் லூயி ஸ்ரீவன்சன் 1886இல் வெளியிட்ட டாக்டர் ஜெக்கிலின் கதையை அறிவர். ஊரார் மதிக்கும் ஜெக்கில் தன்னுள் இருந்த தீமையை மருந்தொன்றினாற் பிரித்து, ஹைட் என்னும் வேற்றுருவில் உலவவிடுகிறான். முதலிற் சிறியவனாய் இருந்த ஹைட் நாளடைவில் வளர்ந்து, மருந்தின்றியே வெளிப்படத் தொடங்கி, ஈற்றில் ஜெக்கிலின் அழிவுக்கே காரணமாகிறான்.

நம் வாழ்வில் ஹைட் வேறு வழியாக வெளிவருகிறான். நம்மிடம் காண விரும்பாததைப் பிறர்மேல் ஏற்றிப் பார்க்கிறோம். வகுப்பறையை எடுத்துக்கொள்வோம். ஓய்வென்பதையே அறியாது உழைத்து முன்னேறிய ஆசிரியர் ஒருவர்; பின்வாங்கில் இருந்து யன்னலூடாக வானத்தைப் பார்த்திருக்கும் மாணவன் ஒருவன். மற்றைய ஆசிரியர்க்கு அவன் கவனக்குறைவுள்ள ஒரு பிள்ளை; இவருக்கோ அவனைக் கண்டதும் உடல் பதறுகிறது. குற்றம் சிறிது, எழுகின்ற சினம் பெரிது. தமக்குத் தாம் ஒருநாளும் அளிக்காத ஓய்வை அவன் கேளாமலே எடுத்துக்கொள்கிறான் என்பது அம்மிகுதிக்குக் காரணமாகலாம். இல்லறத்திலும் இவ்வாறே. செலவாளி என்று மனைவியை ஓயாது கடிந்துகொள்ளும் கணவன், தன் ஆசைகளை இளமையிலேயே பூட்டிவைத்தவனாக இருத்தல் கூடும். எதிரே நிற்பவரை அவன் காண்பதில்லை. தன் நிழலோடு போரிடுகிறான். அடிபடுவது உறவு.

இதனால், பிறரிடம் காணும் குறையெல்லாம் நம் குறையே என்று கொள்ளலாகாது. கொடுமை கொடுமைதான்; அதற்கு ஆளானவரிடம் ‘உன் நிழலைப் பார்’ என்பது இன்னொரு கொடுமை. அளவுக்கு மிஞ்சிய உணர்ச்சியே இங்கு உரைகல். அத்தகைய சினம் பொங்கிய நாளின் இரவில், எவரை, எந்தச் சொல்லால் வெறுத்தோம் என்று ஒரு தாளில் எழுதுக. ‘சுயநலக்காரன்’ என்பது அச்சொல்லாயின், அச்சுயநலம் என்னிடத்தில் எவ்வடிவில் ஒளிந்துள்ளது, அல்லது எனக்கென எதையும் விரும்புவதை நான் எப்போது தடைசெய்துகொண்டேன் என வினவுக. முகஸ்துதி செய்யாத நண்பர் ஒருவர் இம்முயற்சிக்கு நல்ல துணை. பழைய பெருந்துயர் கிளர்ந்தெழுமாயின் உளமருத்துவரை நாடுதல் வேண்டும்.

நிழலை ஏற்றல் என்பது அதற்கு ஆட்சியைக் கையளித்தல் அன்று. ‘எனக்கும் பொறாமை உண்டு’ என்று அறிந்தவன், அதனால் எழும் சொல்லை நாவிலே தடுக்க வல்லவனாகிறான். அறியாதவனோ அதையே நீதியென்று பேசுவான். தன்னை முழுதும் நல்லவனென்று நிறுவும் சுமை நீங்கியவனுக்கு மன்னிப்புக் கேட்பதும் எளிது, மன்னிப்பதும் எளிது. மேலே கூறிய ஆசிரியர் வாரத்தில் ஒரு மாலையேனும் தமக்கென வைத்துக்கொள்வாராக. பின்வாங்குப் பையனிடம், ‘வானத்தில் என்ன கண்டாய்?’ என்று கேட்க அவருக்கு அப்போது மனம் வரும்.