வரைபடத்தில் இல்லாத ஊர்

ஆகஸ்ட் மாதக் கடைசியில் பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணித் திருத்தலக் கொடியேற்றத்திற்குக் காவியுடை அணிந்து நடந்து வரும் குடும்பங்கள் ஏராளம். வழிபாடு முடிந்ததும் கடற்கரை மணலில் சற்றே இளைப்பாறித் திரும்புகிறோம். அம்மணலிலேயே வடக்கு நோக்கி நடந்தால், அடையாற்று முகத்துவாரத்திற்கு அருகே ஊரூர் ஒல்காட் குப்பம் என்னும் மீனவர் ஊர் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அவ்வூருக்குள் கால் வைத்திருப்போம்?

அண்டையிலுள்ள பிரம்மஞான சபையை நிறுவியோருள் ஒருவரான கர்னல் ஒல்காட்டின் பெயரைத் தாங்கிய ஊர் இது. 'பஞ்சமர்' என்று ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்காக அவர் 1894ஆம் ஆண்டிலேயே இப்பகுதியில் இலவசப் பள்ளி தொடங்கினார். பெசன்ட் நகரின் மாடி வீடுகள் பிற்காலத்தில் வந்தவை. குப்பமோ அவற்றிற்கு மூத்தது. ஆயினும் மூத்தவனே இன்று வந்தேறியைப் போல் பார்க்கப்படுகிறான்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, ஆழிப்பேரலை அடித்தது. மற்றப் பங்குகளைப் போல நாங்களும் அரிசியும் துணியும் சேர்த்துக்கொண்டு கரையோரக் குப்பங்களுக்கு ஓடினோம். மூட்டைகளை இறக்கிவைத்தபோது முதியவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்துச் சென்று, விரலால் மணலில் கோடுகள் இழுத்தார். "இது கட்டுமரம் நிக்கிற எடம், ஃபாதர். இங்க வலை காயும். அங்க பொம்பளைங்க மீன் ஏலம் எடுப்பாங்க. பாக்குறவங்களுக்கு வெறும் மணல். எங்களுக்கு இதுதான் வயல்" என்றார். பசிக்கு உணவு தேடிச் சென்ற எனக்கு, அவர்தம் உரிமையைக் குறித்துக் கேட்க அன்றுவரை தோன்றவில்லை.

அந்தக் கோடுகளின் பொருள் பின்னரே விளங்கிற்று. சென்னைக் குப்பங்களிலிருந்து பல குடும்பங்கள் தொலைவிலுள்ள செம்மஞ்சேரியில் குடியமர்த்தப்பட்டன. சுவரும் கூரையும் கிடைத்தன. ஆனால் விடியலில் கடலின் நிறத்தையும் காற்றின் போக்கையும் பார்த்துத் தொழிலுக்குப் புறப்படுபவனுக்குக் கடல் எட்டாத தூரமாயிற்று. கரையில் மீன் எடுத்துத் தெருத்தெருவாய் விற்ற தாய்மாருக்குப் பேருந்துக் கட்டணமே பெருஞ்சுமை ஆயிற்று.

2011ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீனவர் ஊர்களையும், மீன் உலர்த்தும் களம் முதலிய அவர்தம் பொதுச் சொத்துகளையும் வரைபடத்தில் காட்டவேண்டும் எனப் பணித்தது. அவர்களுடைய வருங்கால வீட்டுத் தேவைக்கும் திட்டமிடச் சொன்னது. ஏட்டில் உள்ளது நிலத்தில் நடைபெற வேண்டுமே! வரைபடத்தில் வெற்றிடமாய்க் கிடப்பது நாளை சாலைக்கோ மாளிகைக்கோ உரியதாகிவிடும். எனவேதான் மீனவர்களே தங்கள் பொதுவிடங்களை அளந்து வரைபடமாக்கும் முயற்சி இக்குப்பத்திலும் நடைபெற்றது. ஏழையைப் பற்றிப் பிறர் செய்யும் ஆராய்ச்சி ஒருவகை. ஏழையே தன் ஊரைத் தன் கையால் எழுதிக் காட்டுவது மற்றொருவகை.

'புறம்போக்கு' என்ற சொல்லையே எண்ணிப் பாருங்கள். வரி விதிப்புக்குப் புறம்பாக, ஊரார் அனைவரின் பயனுக்கென விடப்பட்ட நிலத்தின் பெயர் அது. நம் வாயில் அது வசைச் சொல்லாகிவிட்டது. பொதுநிலம் இழிவானபோது, அதை நம்பி வாழும் மனிதனும் இழிவானான். இந்தப் பிளவை உணர்ந்தே, கருநாடக இசைக் கலைஞர் டி. எம். கிருஷ்ணாவும் சுற்றுச்சூழல் ஆர்வலர் நித்தியானந்த் ஜெயராமனும் ஊர் மக்களோடு சேர்ந்து 2015இல் இக்குப்பத்தில் கலைவிழா தொடங்கினர். சபாக்களின் இசை மணலுக்கு வந்தது. நகரத்தார் முதன்முறையாகக் குப்பத்து விருந்தினராயினர்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடல், பூமியின் ஓலமும் ஏழையின் ஓலமும் ஒன்றாகவே கேட்கப்பட வேண்டும் என்கிறது. தொழிலாளர் நண்பரான கர்தினால் கார்டைன் காட்டிய வழியோ மூன்றே படிகள்: காண்க, ஆய்க, செயல்படுக. நாமோ முதற்படியை விட்டுவிட்டு மூன்றாவதற்குத் தாவுகிறோம். தருமம் செய்வது எளிது. அருகிருந்து கேட்பது அரிது.

அன்பார்ந்த பெற்றோரே! அடுத்த முறை திருத்தலத்திற்கு வரும்போது பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வடக்கே சற்று நடந்து செல்லுங்கள். பேரம் பேசாமல் மீன் வாங்குங்கள். வலை எங்கே காய்கிறது என்று கேளுங்கள். பின்னர் உங்கள் பங்கிலேயே, எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத குடும்பங்கள் எவை என்று தேடுங்கள். அம்முதியவர் மணலில் இழுத்த கோடுகளை அன்று மாலையே அலை அழித்திருக்கும். என் நெஞ்சிலிருந்து அவை இன்னும் அழியவில்லை.