ஆளில்லா விமானமும் ஆபத்துக்காலச் செய்தியும்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றுமே மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாதன என்று நாம் இளமை முதற் கற்று வருகிறோம். பெருவெள்ளம், புயல், பூகம்பம் முதலிய விபத்துக்கள் நேர்ந்த காலத்திலோ இம்மூன்றுக்கும் முன்னதாக வேறொன்று வேண்டியிருக்கின்றது. அஃதாவது, 'யாங்கள் இன்ன இடத்தில் இன்ன நிலையில் இருக்கின்றோம்' என்று பிறருக்கு அறிவிக்கும் வழியாம். உணவும் மருந்தும் எங்கே வேண்டுமென்று தெரிந்தாலன்றோ அவற்றைக் கொண்டு செல்லக்கூடும்? கூக்குரலிடும் ஊருக்குத் துணை விரைந்து செல்லும். கூக்குரலிடவும் வகையற்றுக் கிடக்கும் ஊரோ, நலமாயிருப்பதாகவே பிறரால் எண்ணப்படுதல் கூடும். உண்மையில் அம்மௌனமே பெருந்துன்பத்திற்கு அறிகுறியாயிருத்தல் உண்டு. அதனைக் கலைப்பதற்கு, இக்காலத்தார் 'டிரோன்' என வழங்கும் ஆளில்லா விமானங்கள் எவ்வாறு பயன்படுகின்றன என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

2021-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 20-ஆம் தேதி சீன தேசத்து ஹெனான் மாகாணத்தில் பெருமழை பெய்தது. அம்மாகாணத்தின் தலைநகராகிய ஜெங்ஜோவில், மாலை 4 மணிக்கும் 5 மணிக்கும் இடையே, 201.9 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அஃது ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 8 அங்குலம். நகருக்கு மேற்கே மலைப்பாங்கான நிலத்தில் மீஹே என்றோர் ஊர் உள்ளது. வெள்ளம் புகுந்த அளவில் அவ்வூருக்குச் சாலை, மின்சாரம், தொலைபேசி ஆகிய மூன்றும் ஒருங்கே அற்றுப்போயின. உள்ளே இருந்தவர் நிலை வெளியே இருந்தவருக்குத் தெரியவில்லை.

மறுநாட் பிற்பகல், ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், தென்மேற்கேயுள்ள குய்ஜோ மாகாணத்து அன்ஷுன் என்னும் இடத்தினின்று 'விங் லூங்' என்னும் பெயருடைய ஆளில்லா விமானமொன்று புறப்பட்டது. சிறுவர் விளையாடும் பொம்மை விமானம் போன்றதன்று அது. இறக்கைகளின் முனைக்கு முனை 20 மீட்டருக்கு மேற்பட்ட பெரிய யந்திரம். அதனுள்ளே கைப்பேசிக் கோபுரத்திலுள்ள கருவிகள் அமைக்கப்பட்டிருந்தன. சுமார் நான்கு மணி நேரம் பறந்து மாலை 6.21-க்கு மீஹேயின் வான்வெளியை அடைந்தது. உடனே ஊராரின் கைப்பேசிகளில் ஒரு செய்தி தோன்றிற்று. செய்தித் தொடர்பு அறுந்துபோனமையால் விமானம் அனுப்பப்பட்டிருக்கின்றது என்றும், அது வானில் நிற்கக்கூடிய காலத்திற்கு எல்லை உண்டாகையால் ஐந்து மணி நேரமே தொடர்பு கிடைக்கும் என்றும், ஆதலால் நிலைமையை விரைவில் தெரிவித்துக் குடும்பத்தாரோடு பேசிக்கொள்ள வேண்டுமென்றும் அது கூறிற்று. இரவு 8 மணிக்குள் 2,572 பேருடைய கைப்பேசிகள் அவ்விமானத்தோடு தொடர்பு கொண்டன. ஒரே சமயத்தில் மிகுதியாய் இணைந்திருந்தவர் 648 பேர்.

நிற்க. விமானம் ஒன்று கோபுரமாவது எங்ஙனம் என்று வினவலாம். நாம் கையில் வைத்திருக்கும் பேசி மிகச் சிறிய வலிமையுடைய ஒலிபரப்புக் கருவியே. அது நேரே தொலைதூரத்து நண்பரோடு பேசுவதில்லை. அருகிலுள்ள கோபுரத்தோடு மட்டும் பேசுகின்றது. கோபுரமோ நிலத்தடியிற் செல்லும் கண்ணாடி இழைக் கம்பி வழியாகவோ, நுண்ணலை வழியாகவோ, அச்செய்தியைத் தலைமை நிலையத்துக்கு அனுப்புகின்றது. ஆகவே கோபுரம் நிமிர்ந்து நிற்பினும், மின்சாரம் நின்றால் அதன் மின்கலம் சில மணி நேரத்தில் வற்றிவிடும். பாலம் இடிந்து அதனோடு கம்பியும் அறுந்தால், மின்சாரம் இருந்தும் பயனில்லை. கோபுரம் விழுந்துவிட்டதென்று நாம் சொல்லும் இடங்கள் பலவற்றில், விழுந்தது கோபுரமன்று, அதன் வேர்களே.

இவ்வேர்கள் இல்லாமலே ஒரு கோபுரத்தை வானில் நிறுத்துவதுதான் இங்கே செய்யவேண்டிய வேலை. உயரம் நமக்கு அனுகூலமானது. 30 மீட்டர் உயரத்தினின்று பார்ப்பார்க்கு அடிவானம் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 3,000 மீட்டர் உயரத்தினின்று பார்ப்பின் அது 195 கிலோமீட்டராகும். மலைகளின் மறைப்பும் பெரும்பாலும் நீங்கும். எனினும் கைப்பேசியின் குரல் மெலிந்ததாகையால் அவ்வளவு தூரமும் பயன்படாது. மீஹேயில் விமானம் தடையின்றித் தொடர்பளித்த பரப்பு சுமார் 50 சதுர கிலோமீட்டரே. அறுந்த கம்பிக்குப் பதிலாகச் செயற்கைக்கோள் உதவிற்று: ஊராரின் பேச்சு விமானத்துக்கு ஏறி, அங்கிருந்து இன்னும் மேலே சென்று, வேறிடத்தில் நிலத்துக்கு இறங்கிற்று.

இத்தகைய பெரிய விமானம் எல்லா நாட்டிலும் கிடைப்பதன்று. அதற்கு ஓடுபாதை வேண்டும். எரிபொருள் தீருமுன் திரும்பவும் வேண்டும். இக்குறையை நீக்க எண்ணியோர் வேறு வழி கண்டனர். பட்டம் விடும் சிறுவன் கையிலுள்ள நூலைப்போல, சிறிய டிரோன் ஒன்றை நிலத்தோடு கயிற்றாற் பிணைத்தனர். ஆனால் இக்கயிறு வெறுங்கயிறன்று. அதனுள்ளே மின்சாரம் மேலேறுகின்றது, செய்தியும் ஏறி இறங்குகின்றது. மின்கலத்தைச் சுமக்கும் டிரோன் அரை மணி நேரத்தில் இறங்கவேண்டியிருக்க, கயிற்றாற் பிணிப்புண்டது பல மணி நேரம் ஒரே இடத்தில் நிற்கின்றது. கட்டுண்டதனாலேயே அதற்கு நெடுநேரம் நிற்கும் ஆற்றல் வந்தது என்பது வியப்பே.

2017-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் தேதி கரீபியக் கடலிலுள்ள போர்ட்டோ ரீக்கோ தீவை 'மரியா' என்னும் புயல் தாக்கியபோது, அங்கிருந்த கைப்பேசிக் கோபுரங்களில் நூற்றுக்கு 95 பங்கு வேலை செய்யாமற் போயின. சிறிதளவேனும் தொடர்பு கிடைக்கும் நெடுஞ்சாலை ஓரங்களில் மக்கள் வண்டிகளை நிறுத்திக் கைப்பேசியை உயர்த்திப் பிடித்து நின்றனர். அத்தீவில் ஏ.டி. அண்டு டி. கம்பெனியார் கயிற்றாற் பிணித்த ஹெலிகாப்டர் வகை டிரோன் ஒன்றை 200 அடி உயரத்தில் நிறுத்தினர். 40 சதுர மைல் வரையிலும், ஒரே சமயத்தில் 8,000 பேர் வரையிலும் அதனாற் பயன் பெறலாம் என்றனர். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்கள் சேர்ந்து நின்றமையால் அதற்குப் 'பறக்கும் பசு' என்னும் பெயர் வாய்த்தது. பால் தராவிடினும் நல்ல பசுவே. ஆனால் அது வானேறியது நவம்பர் மாதத்தில். புயலடித்து ஒரு மாதத்திற்கு மேற்பட்ட பின்னர். காயமுற்றோர் கூக்குரலிடும் முதல் மூன்று நாட்களுக்கு அது உதவவில்லை. யந்திரத்தைக் குறை கூறுவதற்கில்லை. அதனை முன்னரே அருகில் ஆயத்தமாக வைத்திருக்கவில்லை என்பதே குறை.

அதே தீவில் 'லூன்' என்னும் பெயரால் பலூன்களும் 20 கிலோமீட்டர் உயரத்தில் மிதந்து, ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோருக்குச் செய்தி வசதி அளித்தன. வெவ்வேறு உயரங்களில் வெவ்வேறு திசைகளில் வீசும் காற்றை ஆராய்ந்து, ஏறியும் இறங்கியும் அவை வழி நடத்தப்பட்டன. அழகிய ஏற்பாடே, ஆயினும் செலவு தாங்காமையால் அம்முயற்சி 2021-ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது. கயிற்று டிரோனோ நிலைத்துவிட்டது. 2024-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி ஜப்பானிய நோட்டோ தீபகற்பத்தில் பூகம்பம் நேர்ந்தபொழுது, சாலைகள் பிளந்துபோன வாஜிமா நகரப் பகுதியில் சாஃப்ட்பேங்க் கம்பெனியார் அத்தகைய டிரோனைப் பறக்கவிட்டனர். வேறு கம்பெனியார் கப்பலிலே கோபுரக் கருவிகளை ஏற்றிக் கரையோரம் நிறுத்தினர். நிலவழி அடைபட்ட இடத்தில் கடல்வழி திறந்திருந்தது.

இவற்றால் எல்லாத் துன்பமும் நீங்கிவிடும் என்று எண்ணுதல் தவறு. புயற்காற்று ஓயுமுன் கயிற்று டிரோன் ஏறாது. மீட்பு ஹெலிகாப்டர்கள் தாழப் பறக்கும் இடத்தில் அதுவே ஓர் ஆபத்தாகலாம். எனவே வான்வழியை மேற்பார்க்கும் அதிகாரிகளின் உத்தரவு முன்னதாகவே வேண்டும். வானொலி அலைகளைப் பயன்படுத்தவும் சர்க்கார் அனுமதி வேண்டும். ஒரு கம்பெனியின் கருவி மற்றொரு கம்பெனியின் வாடிக்கைக்காரரை ஏற்குமா என்பதையும் வெள்ளம் வருமுன்னரே பேசி முடித்தல் வேண்டும்.

இன்னுமொன்று உண்டு. வானிலே எத்தகைய கோபுரம் நின்றாலும், கீழேயுள்ளவன் கைப்பேசியில் மின்சாரம் இருந்தாலன்றி அது பயன்படாது. மீஹேயில் இணைந்த கைப்பேசிகளை மேலே சென்ற விமானம் எண்ணிற்று, அவை 2,572. மின்கலம் வற்றியும் நீரில் நனைந்தும் மௌனமாய்க் கிடந்தவை எத்தனை என்பதை அது எண்ணுவதற்கு வழியில்லை.