முற்றுப்பெறாத தோம்பு: நினைவில் இருக்கும் வீட்டை வரைவது

நிலக்காட்சி ஓவியம் என்றால் வயலும் பனையும் கண்டபடியே தெரியவேண்டும் என்று எங்களில் பலர் எதிர்பார்க்கிறோம். அரை அரூப ஓவியம் வேறு. அதில் இடம் மட்டுக்கட்டலாம். ஆனால் கண் கண்டதைவிட மனம் வைத்திருந்ததே கூடுதலாக இருக்கும். யாழ்ப்பாண ஓவியர் தா. சனாதனனின் நூலொன்று இதை நன்றாக விளக்கும்.

தோம்பு என்பது போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் எங்கள் மண்ணில் எழுதிய காணிப் பதிவேடு. ஆஹெனில் பஸ் ஏறினால் எல்லை கடக்கும் அதே ஒல்லாந்துதான். சனாதனன் 2011இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலின் தலைப்பு, முற்றுப்பெறாத தோம்பு என்று பொருள்படும். இடம்பெயர்ந்த மக்கள், விட்டுவந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து கீறினார்கள். கட்டடக்கலை முறையில் அது மறுபடி வரையப்பட்டது. மூன்றாவதாக, சனாதனனின் உலர் பஸ்டல் ஓவியம். இப்படி 80 வீடுகள்.

கணக்கு எழுதிப் பழகிய எங்களுக்கு இந்த மூன்று படிகளின் வித்தியாசம் விளங்குகிறது. காணி உறுதியில் பரப்பும் எல்லையும் இருக்கும். கிணற்றடியில் யார் குந்தியிருந்தார்கள் என்பது இராது. நினைவில் கீறும்போது அளவு பிழைக்கும். விளையாடிய முற்றம் வீட்டைவிடப் பெரிதாகிவிடும். அந்தப் பிசகுக்குள் இருக்கும் பாசத்தைத்தான் ஓவியம் எடுத்துக்கொள்கிறது.

பெற்றோர் இருக்கும்போதே ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து வீட்டைக் கீறச் சொல்வோம். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அந்தக் காணி கிடைக்காமல் போகலாம். வாசல் எந்தப் பக்கம் பார்த்தது என்பதாவது தெரிந்திருக்கட்டும்.