சனி ஞாயிறில் வராத வயிற்றுக்குத்து

ஞாயிறு திருப்பலி முடிந்து சனங்கள் கலைந்த பின்னரும் ஒரு தாய் கோவில் விறாந்தையில் நின்றார். பக்கத்தில் மூன்றாம் தரத்தில் படிக்கும் மகன். "சுவாமி, இவன் காலமையில வயித்துக்குத்து எண்டு அழுறான். ஆஸ்பத்திரியில காட்டினன், ஒண்டுமில்லையாம். சனி ஞாயிறில மட்டும் குத்து இல்லை" என்றார்.

அந்தக் குத்து எங்கிருந்து வருகிறது என்பது தாய்க்குத் தெரிந்தே இருந்தது. சொல்லத்தான் பயம்.

1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பம் அது. பேரப்பிள்ளைகள் பிறந்த பின்னும் சொந்தக் காணிக்குத் திரும்ப முடியவில்லை. தாயும் தகப்பனும் பிறருடைய வெங்காயத் தோட்டங்களில் கூலி வேலை செய்கின்றனர். இருவரும் விடியமுன் வேலைக்குப் போகும் நாட்களில், தங்கச்சியை அம்மம்மா வீட்டில் விட்டுவிட்டுப் பையன் பிந்தியே பாடசாலைக்குப் போவான். பிந்தினால் வாசலில் முழங்காலில் நிற்க வேண்டும். சப்பாத்து இல்லாவிட்டால் உள்ளங்கையில் அடிமட்டத்தால் அடி. இருப்பது கடைசி வாங்கில். ஒருநாள் ஆசிரியை கோபத்தில், "காம்பில இருந்து வாறதுகள் இப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வகுப்புப் பிள்ளைகள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "காம்ப்" என்றே கூப்பிடுகிறார்கள். அடிபட்ட கை ஆறிவிட்டது, இது ஆறவில்லை.

"ஏன் பாடசாலையில் போய்க் கதைக்கவில்லை?" என்று கேட்டேன்.

"எங்கட பிள்ளையளைச் சேர்த்ததே பெரிய காரியம், சுவாமி. கதைச்சால் பிள்ளைக்குத்தான் கூடாது."

இதே பதிலை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். வந்தேறிகள் என்ற எண்ணம் எமது மனதிலேயே ஊறிவிட்டது. ஆனால் பாடசாலையில் கிடைக்கும் இடம் எவரும் எமக்குப் போடும் பிச்சையல்ல. 1945 முதல் இந்நாட்டில் கல்வி இலவசம். 5 முதல் 16 வயது வரையான பிள்ளைகள் கல்வி பெறுவதை 2016ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி கட்டாயமாக்கியுள்ளது. முகாமில் இருக்கும் பிள்ளைக்கும் சொந்த வீட்டில் இருக்கும் பிள்ளைக்கும் அதில் வேறுபாடில்லை.

அடிக்க இடமில்லை

பாடசாலையில் ஒழுக்கம் பேணும்போது பிள்ளையின் மாண்பும் காக்கப்பட வேண்டும் என்று கூறும் ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனையைத் தடைசெய்து கல்வி அமைச்சு 2005இல் சுற்றறிக்கை அனுப்பியது. 2016இல் மீண்டும் ஒன்றை அனுப்பியது. ஆசிரியர் அறைந்ததால் செவிப்புலன் பாதிக்கப்பட்ட மாணவர் ஒருவரின் வழக்கில், அது அடிப்படை உரிமை மீறலே என்று உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது.

இவற்றை அறிந்திருப்பது ஆசிரியருடன் சண்டை பிடிப்பதற்காக அல்ல. நிமிர்ந்து நின்று பணிவோடு பேசுவதற்காக.

மறுவாரம் தாய், தகப்பன் இருவருடனும் நானும் பாடசாலைக்குப் போனேன். தகப்பனே பேசினார். ஒருநாள் கூலியை விட்டு வந்திருந்தார். இரண்டு வகுப்புகளை ஒரே மண்டபத்தில் வைத்துப் படிப்பிக்கும் அந்த ஆசிரியை முதலில் முகம் சுளித்தார். பிறகு, "தங்கச்சியை விட்டிட்டுத்தான் வாறான் எண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லையே" என்றார். பையன் முன் வாங்குக்கு வந்தான். பிந்தினாலும் நேரே வகுப்புக்குள் போகலாம் என்றானது. ஆனால் மற்றப் பிள்ளைகள் முழங்காலில் நிற்பது உடனே நிற்கவில்லை. அதைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஆறு பெற்றார் சேர்ந்து கேட்ட பிறகே அதிபர் நிறுத்தினார். "காம்ப்" என்ற பெயர் மறைய ஒரு தவணைக்கு மேல் சென்றது.

எமது பக்கமும் உண்டு

"கண் ரெண்டையும் விட்டிட்டு மிச்சத்தை உரியுங்கோ சேர்" என்று பிள்ளையை ஒப்படைத்தவர்கள் நாமே. வீட்டில் பூவரசம் கம்பு இருக்கும் வரை, பாடசாலையில் பிரம்பு வேண்டாம் என்று சொல்ல எமக்கு நா எழாது.

ஆகவே பெற்றாரே, பிள்ளை பாடசாலை செல்ல மறுத்தால் முதலில் அடிக்காமல் கேளுங்கள். நடந்ததைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எழுத இயலாதவர்கள் மூத்த பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள். முதலில் வகுப்பாசிரியரிடமும், பின்னர் அதிபரிடமும் பேசுங்கள். பயன் இல்லையேல் வலயக் கல்விப் பணிப்பாளருக்குக் கடிதம் கொடுத்து, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்குக் காயமோ கொடுமையோ நேர்ந்தால் காத்திருக்க வேண்டாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்குக் கட்டணமின்றி அழைக்கலாம். தனியே போகத் தயங்கினால் அயலவர் இருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிடுங்கி நட்ட நாற்று சில நாள் மஞ்சளாய்த்தான் நிற்கும் என்பது கமக்காரருக்குத் தெரியும். அதற்காக எவரும் நாற்றை அடிப்பதில்லை. தண்ணீர் கட்டி, வேர் பிடிக்கும்வரை பொறுத்திருப்போம். இயேசுவிடம் வந்த சிறுவரைத் தடுத்தவர்கள் பகைவர் அல்லர், அவருடைய சீடர்களே. அவர்களையும் அவர் கடிந்துகொண்டார். எமது பிள்ளைகளை மறிப்பது யாராக இருந்தாலும், நாமாகவே இருந்தாலும், அதைச் சொல்லித் திருத்துவது எமது கடமை.