மைக்குள் தெரியும் முகம்: காத்திருப்பவர்கள் ஏன் குறி கேட்கிறார்கள்?

என் பெரியம்மாவின் மகனைக் கடைசியாகக் கண்டது 2009 மே மாதம், வட்டுவாகல் பாலத்தடியில். அண்ணாவுக்கு அப்போது 19 வயது. அதன் பிறகு பெரியம்மா போகாத ஆணைக்குழு இல்லை, கேட்காத சாத்திரமும் இல்லை. இரண்டுக்கும் ஒரே பையைத்தான் கொண்டுபோவார். அதற்குள் அண்ணாவின் படம், சாதகம், பதிவு இலக்கங்கள் எழுதிய கொப்பி.

போன வருடம் மை போட்டுப் பார்க்கும் ஒருவரிடம் துணைக்கு வரச்சொல்லி என்னைக் கேட்டார். எனக்கு இவற்றில் நம்பிக்கை இல்லை. உண்மையைச் சொன்னால், அந்த மனிதரின் ஏமாற்றைப் பற்றி ஒரு கட்டுரை எழுதலாம் என்ற எண்ணத்தோடுதான் போனேன்.

அறைக்குள் ஒரு விளக்கு மட்டும் எரிந்தது. வெற்றிலையில் கறுப்பு மை தடவி, பத்து வயதுச் சிறுமி ஒருத்தியின் கையில் கொடுத்து உற்றுப் பார்க்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அவள், "ஒரு ஆள் நிக்கிறார், பின்னுக்குத் தண்ணி தெரியுது" என்றாள். பெரியம்மா விம்மத் தொடங்கினார். "மெலிஞ்சுபோய் நிக்கிறானோ?" என்று கேட்டார். சிறுமி "ஓம்" என்றாள். உடனே அவர், பிள்ளை உயிரோடு இருக்கிறான், வரவிடாமல் ஒரு கட்டு இருக்கிறது, அதை வெட்ட 45 ஆயிரம் ரூபா செலவாகும் என்றார். பெரியம்மாவின் கை தோட்டுக்குப் போனது.

அந்தச் சிறுமி பொய் சொன்னாள் என்று நான் நினைக்கவில்லை. மங்கலான வெளிச்சத்தில் ஒரே இடத்தை அசையாமல் பார்த்தால், சுற்றியிருப்பவை மெல்ல மறையும் என்பதைச் சுவிட்சர்லாந்து மருத்துவர் ட்ரொக்ஸ்லர் 1804ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். இத்தாலிய ஆய்வாளர் ஜியோவன்னி கபுட்டோ 2010இல் வெளியிட்ட ஆய்வில், 50 பேரை மங்கிய அறையில் கண்ணாடிமுன் பத்து நிமிடம் இருத்தினார். பலருக்குத் தங்கள் முகமே உருமாறித் தெரிந்தது. சிலருக்குத் தாய் அல்லது தகப்பனின் முகம் தெரிந்தது. கண் அனுப்பும் தகவல் குறையும்போது மிச்சத்தை மூளை தானாக நிரப்புகிறது. முகங்களை அது மிக இலகுவாக உருவாக்கும்.

இரண்டாவது விடயம், "மெலிஞ்சுபோய்" என்ற சொல்லைச் சொன்னது பெரியம்மாதான். சிறுமி "ஓம்" என்று மட்டுமே சொன்னாள். வீட்டுக்கு வந்த பிறகு, மைக்காரர்தான் அதைக் கண்டு சொன்னார் என்று பெரியம்மா அயலில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் நினைவிருந்தது. 1948இல் அமெரிக்க உளவியலாளர் பேர்ட்ரம் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேருக்கு, "இது உனக்கென்றே எழுதப்பட்டது" என்று சொல்லி ஒரு குணவிளக்கத்தைக் கொடுத்தார். ஐந்துக்கு எத்தனை புள்ளி பொருந்துகிறது என்று கேட்டபோது சராசரி 4.26 வந்தது. எல்லோருக்கும் அவர் கொடுத்தது ஒரே தாளை. யாருக்கும் பொருந்தும் பொதுவான வசனத்தைக் கேட்பவர்தான் தன் வாழ்க்கையால் நிரப்பிக்கொள்கிறார். "பின்னுக்குத் தண்ணி" என்றால் நந்திக்கடலும் வரும், குளமும் வரும், வெளிநாட்டுக் கடற்கரையும் வரும்.

இவை ஒன்றும் எங்கள் ஊருக்குப் புதிய கேள்விகள் அல்ல. கேரளத்தில் பிறந்து, 1928இல் யாழ்ப்பாணம் வந்து மத்திய கல்லூரியில் தாவரவியல் கற்பித்த ஆபிரகாம் கோவூர், தெய்வீக சக்தியை நிரூபிப்பவருக்கு ஒரு இலட்சம் ரூபா தருவதாக 1963இல் சவால் விட்டார். 1978இல் அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை ஒருவரும் வெல்லவில்லை. அப்படியிருந்தும் தேசிக்காய் வெட்டுவதும் நூல் கட்டுவதும் செய்வினை எடுப்பதும் குறையவில்லை. மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்ற பகிடியை இன்றும் சொல்கிறோம்.

ஏன் குறையவில்லை என்பதற்கு மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி சொன்ன விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. முதலாம் உலகப்போர்க் காலத்தில் பசிபிக் பகுதியின் ட்ரொப்ரியண்ட் தீவுகளில் தங்கியிருந்தபோது அவர் ஒன்றைக் கவனித்தார். அமைதியான களப்பில் மீன்பிடிப்பவர்கள் மந்திரம் செய்யவில்லை, அங்கே தொழிலறிவு போதும். ஆபத்தும் நிச்சயமின்மையும் நிறைந்த ஆழ்கடலுக்குப் போகும்போதுதான் விரிவான மந்திரச் சடங்குகள் செய்தார்கள். அதே மனிதர்தான், அதே அறிவுதான். அறிவு கைகொடுக்காத இடத்தில் மந்திரம் தொடங்கியது.

பெரியம்மாவின் நிலைமையை இதில் வைத்துப் பாருங்கள். 2010இல் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் பரணகம ஆணைக்குழு, 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி 2018இல் ஆணையாளர்கள் நியமிக்கப்பட்ட காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம். எல்லா இடத்திலும் அதே கதையைச் சொன்னார், எல்லா இடத்திலும் ஒரு இலக்கம் கொடுத்தார்கள். அவர் கேட்ட கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

இப்படியான இழப்பை அமெரிக்க உளவியலாளர் போலின் பொஸ் "தெளிவற்ற இழப்பு" என்று அழைத்தார். உடல் கிடைக்கவில்லை, செத்தவீடு இல்லை, அந்தியேட்டி செய்ய மனம் வராது. உயிரோடு இருக்கிறான் என்று நம்பினால் பைத்தியம் என்பார்கள். இல்லை என்று ஏற்றுக்கொண்டால் பிள்ளையைத் தானே கொன்றதுபோல இருக்கும். இது நோயல்ல, விடையில்லாத நிலைமையில் எவருக்கும் வரக்கூடிய தவிப்பு என்பது பொஸ்ஸின் கருத்து.

1990களில் மட்டக்களப்பில் ஆய்வு செய்த மானிடவியலாளர் பட்ரிசியா லோரன்ஸ், காளி கோயில்களில் உருவாடி வாக்குச் சொல்லும் பெண்களைப் பற்றி எழுதியிருக்கிறார். பிடித்துச் செல்லப்பட்டவர்களைப் பற்றி வெளியே வாய்திறக்க முடியாத காலம் அது. அந்தக் கோயில் முற்றத்தில்தான் தாய்மார் பிள்ளையின் பெயரைச் சொல்லி அழ முடிந்தது. வாக்குச் சொல்பவர் அந்த வேதனையைத் தன் உடம்பில் ஏற்றுக்கொண்டார். சொன்ன வாக்கு பலித்ததா என்பது எனக்கு வேறு கேள்வி. அழ ஓர் இடம் இருந்தது என்பது நடந்த உண்மை.

அதனால் "எல்லாம் மூடநம்பிக்கை" என்று எழுதிவிட்டுப் போக என்னால் முடியவில்லை. ஆனால் ஆறுதலுக்கும் கொள்ளைக்கும் இடையில் கோடு போடலாம். கற்பூரம் கொளுத்தி, விரும்பியதைத் தட்டில் வைத்துவிட்டு வருவது ஒன்று. தொகை சொல்வது, அது முடிய இன்னொரு தொகை கேட்பது, செய்யாவிட்டால் பிள்ளைக்கு ஆபத்து என்று பயமுறுத்துவது, வீட்டில் யாருக்கும் சொல்லாதே என்பது வேறு. அயலவர்தான் செய்வினை செய்தார் என்று கைகாட்டினால் ஊருக்குள் பகையும் வரும். நூல் கட்டியதை நம்பி மருந்தை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. இவற்றில் ஒன்று நடந்தாலும் எழும்பி வந்துவிடுங்கள். நித்திரையும் சாப்பாடும் நாட்கணக்கில் இல்லாமல் போனால் மாவட்ட வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். கோயிலுக்குப் போவதை அதற்காக விடவேண்டியதில்லை.

அன்று பஸ்ஸுக்கு நின்றபோது, "தோட்டைக் கழட்டாதேங்கோ பெரியம்மா, அந்தாளுக்கு ஒண்டும் தெரியாது" என்றேன். ஃபோரரின் கதையையும் சொன்னேன். அமைதியாகக் கேட்டார்.

"எனக்கும் தெரியும் பிள்ளை, உவையில முக்கால்வாசிப் பேர் பொய். ஆனா அவன்ர பேரை ஒருக்காச் சொல்லிப்போட்டு, இருக்கிறான் எண்டு சொல்ல வேற ஆர் இருக்கினம்? கந்தோரில இலக்கத்தைத்தானே கேக்கினம்."

எனக்குப் பதில் வரவில்லை. படித்த நான் இத்தனை வருடமாக அவரிடம் அண்ணாவைப் பற்றி எதுவும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அழுவார் என்ற பயத்தில் அந்தப் பெயரைத் தவிர்த்தே பழகிவிட்டேன்.

பெரியம்மா 45 ஆயிரம் கொடுக்கவில்லை, தோடு காதில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அம்மன் கோயிலுக்குப் போய் ஒரு தேசிக்காய் வைக்கிறார், நான் தடுப்பதில்லை. ஓகஸ்ட் 30ஆம் திகதி படத்தோடு வீதிக்கும் போகிறார், நானும் போகிறேன். மாதத்தில் ஒருநாள் அவர் வீட்டுக்குப் போய் அண்ணாவைப் பற்றிக் கேட்கிறேன். போனமுறை, அவன் சைக்கிள் பழகி வேலிக்குள் விழுந்த கதையைச் சொல்லிச் சிரித்தார். அதைக் கொப்பியில் எழுதிவைத்திருக்கிறேன்.