வெயில் ஊரில் எலும்பின் கணக்கு

திருச்சானூரிலும் அதை அடுத்துள்ள திருப்பதியிலும் ஆண்டின் பெரும்பகுதி வெயில் சுட்டெரித்தாலும், அவ்வட்டாரப் பெண்களில் பெரும்பாலோரின் இரத்தத்தில் வைட்டமின் டி போதிய அளவில் இல்லை என்பதைத் திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் கழகத்தைச் சேர்ந்த சி.வி. ஹரிநாராயணும் அவருடைய குழுவினரும் 2000-களில் வெளியிட்ட ஆய்வுகள் எடுத்துக்காட்டின. அதே ஆய்வுகள், அம்மக்களின் உணவில் கால்சியம் மிகக் குறைவு என்பதையும், கால்சியத்தைக் குடலில் பிணைத்து உடலில் சேரவிடாமல் தடுக்கும் ஃபைட்டேட் என்னும் தானியப் பொருள் மிகுதி என்பதையும் பதிவு செய்தன. மாதவிடாய் ஒழுங்கற்றுப்போய் மருத்துவரிடம் வரும் இளம்பெண்களின் எலும்பைப் பற்றிப் பேசும்போது இந்தப் பின்னணியை ஒதுக்கிவிட முடியாது.

மாதவிடாயை இவ்வாறு ஒழுங்கற்றதாக்குவதும், பேச்சுவழக்கில் 'நீர்க்கட்டி' என்றும் 'பிசிஓஎஸ்' என்றும் சொல்லப்படுவதுமான சினைப்பை நோய்க்கூட்டை 1935-இல் ஸ்டெயின், லெவெந்தால் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர் விவரித்தனர். ஆண்ட்ரோஜன் எனப்படும் ஆண்மை இயக்குநீர் மிகுதல், சினைமுட்டை ஒழுங்காக வெளிப்படாமை, முதிராத சிறு முட்டைப்பைகள் சினைப்பையில் நிறைந்து காணப்படுதல் ஆகிய மூன்றில் இரண்டேனும் இருந்து, இவற்றை உண்டாக்கக்கூடிய வேறு நோய் இல்லையென உறுதியானால், வயதுவந்த பெண்களிடம் இந்நோய் இருப்பதாகக் கொள்வது 2003-இல் ரோட்டர்டாமில் வகுக்கப்பட்ட அளவுகோல். ஆந்திரத்தில் விடுதியுடன் கூடிய ஒரு கல்லூரியில் 15 முதல் 18 வயதுவரையுள்ள 460 மாணவியரிடம் நடத்தப்பட்டு 2011-இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய 9 விழுக்காட்டினருக்கு இது இருந்தது. எலும்பில் தாது சேர்ந்து உச்ச அடர்த்தியை நோக்கி வளரும் பருவமும் அதுவே. முப்பது வயதுக்குள் சேர்ந்ததை வைத்துத்தான் எலும்பு முதுமைவரை தாக்குப்பிடிக்க வேண்டியிருக்கிறது.

இந்நோய் எலும்பைக் கெடுக்கிறதா, காக்கிறதா என்ற கேள்விக்கு ஒற்றை வரியில் விடை சொல்ல இயலாது. எலும்பை ஓயாமல் அரிக்கும் செல்களும் அதை மீண்டும் கட்டும் செல்களும் சமநிலையில் இயங்க ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மை இயக்குநீர் வேண்டும். மாதவிடாய் பல மாதங்கள் வராதிருக்கும்போது இந்தச் சமநிலை குலையக்கூடும். மறுபுறம், மிகுந்திருக்கும் ஆண்ட்ரோஜனும் இன்சுலினும் எலும்பு கட்டப்படுவதைத் தூண்டுகின்றன; கொழுப்புத் திசு ஆண்ட்ரோஜனின் ஒரு பகுதியை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக் கொடுக்கிறது; கூடுதல் உடல் எடையின் பளுவும் எலும்பை உறுதிப்படுத்துகிறது. எனவே பருமனான பெண்ணின் எலும்பு அடர்த்தி பெரும்பாலும் குறைவதில்லை என்பதும், ஒல்லியாக இருந்து இந்நோய்க்கு ஆளானவரிடமே முதுகெலும்பிலும் இடுப்பிலும் அடர்த்தி குறைந்து காணப்படுகிறது என்பதும் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியதில் புலப்பட்டுள்ளன. இந்நோயுள்ள பெண்களுக்கு எலும்பு முறிவு குறைவு என டென்மார்க் நாட்டுப் பதிவேடுகளும், அதிகம் எனத் தைவான் நாட்டுப் பதிவேடுகளும் கூறுவது முதலில் முரணாகத் தோன்றும்; உடல்வாகும் உணவும் வேறுபட்ட இரு மக்களிடம் ஒரே விடையை எதிர்பார்ப்பதுதான் பிழை. 'குண்டானால்தான் பிசிஓஎஸ்' என்ற பொதுக்கருத்தால், ஒல்லியான பெண்ணின் நோயே கவனத்துக்கு வராமல் போகிறது. அவளுடைய எலும்பைப் பற்றிக் கேட்பார் யார்?

பருமனானவருக்கும் முழு நிம்மதி இல்லை. வைட்டமின் டி கொழுப்பில் கரையும் தன்மையது. ஆகவே அதில் ஒரு பங்கு கொழுப்புத் திசுவிலேயே தங்கிவிட, இரத்தத்தில் அதன் அளவு தாழ்கிறது. டெக்ஸா ஸ்கேன் எலும்பின் தாது அடர்த்தியை அளக்குமே தவிர உள்ளமைப்பின் தரத்தை நேரடியாகக் காட்டாது. தவிர, மாதவிடாய் முற்றாக நிற்கும் வயதை எட்டாத பெண்ணுக்கு அந்த ஸ்கேனில் பார்க்கவேண்டியது ஒத்த வயதினரோடு ஒப்பிடும் இசட் மதிப்பெண்ணே. இளம் வயதின் உச்ச அடர்த்தியோடு ஒப்பிடும் டி (T) மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு இருபது வயதுப் பெண்ணுக்கு 'எலும்புத் தேய்மானம்' என்று முத்திரை குத்துவது வீண் அச்சத்தையே தரும்.

திருப்பதியில் மேற்கொண்ட மற்றோர் ஆய்வில், தோலில் வைட்டமின் டி உருவாகும் வேதிமாற்றத்துக்கு அங்கே ஆண்டு முழுதும் காலை 11 மணிமுதல் பிற்பகல் 2 மணிவரையே உகந்த வேளை என்று ஹரிநாராயண் குழுவினர் கண்டனர். காலை இளவெயிலில் நின்றால் போதும் என்ற பரவலான அறிவுரையோடு இது ஒத்துப்போகவில்லை. உச்சிவெயில் வேளையில் மாணவி வகுப்பறையிலும் வேலைக்குப் போகும் பெண் அலுவலகத்திலும் இருக்கிறார்கள், வெளியே வந்தாலும் துப்பட்டாவும் குடையும் தோலை மறைக்கின்றன. கருந்தோலுக்கு இன்னும் நீண்ட நேரம் வெயில் வேண்டும். உணவிலோ, வயதுவந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டுமென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் பரிந்துரைத்துள்ளது. திருப்பதி, சித்தூர் வட்டாரத்தின் பழைய உணவான ராகி சங்கட்டி, அதாவது கேழ்வரகுக் களி, இதற்குப் பெரிதும் கைகொடுக்கக் கூடியது: 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு, தீட்டிய அரிசியிலோ 10 மில்லிகிராம் அளவுதான். கேழ்வரகிலும் ஃபைட்டேட் இருப்பதால், முளைகட்டி அரைத்த மாவில் களி கிண்டுவது கூடுதல் பயன் தரும்.

மாதவிடாயைச் சீராக்க எடையைக் குறைக்கச் சொல்வது இந்நோயுள்ள பருமனான பெண்களுக்கு முதல் மருத்துவ அறிவுரை. ஆனால் பட்டினி கிடந்து விரைவாக எடை குறைப்பவரிடம் கொழுப்போடு எலும்பின் தாதுவும் குறைகிறது. தசைக்குப் பளு தரும் பயிற்சியும் போதிய புரதமும் சேர்ந்தால் அந்த இழப்பு மட்டுப்படும். கருத்தடைக்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடப்படும் டெப்போ ஊசி எலும்பு அடர்த்தியைக் குறைக்கக்கூடியது என்பதால், ஒல்லியான உடல்வாகும் நீண்டநாள் மாதவிடாய்த் தடையும் கொண்ட பெண், அதை ஏற்குமுன் தன் எலும்பைப் பற்றியும் மருத்துவரிடம் கேட்பது தகும்.